பிள்ளைகளின் போனில் வங்கிக் காட் போட்டு வைத்திருப்பவர்கள் ஒருக்கா வாசியுங்கோ: 61,400 ரூபா போய்விட்டது

61,400 ரூபா. பெரும்போக நெல் விற்று, உரக்கடைக் கடன் கட்டவென்று கணக்கில் விட்டிருந்த காசு. அது இப்போது மகனின் போன் விளையாட்டில் மினுங்குகிற துவக்குகளாகவும் தொப்பிகளாகவும் கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் போடுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிளிநொச்சி டவுனில் போன் திருத்துகிற, ரீலோட் போடுகிற கடை ஒன்று. மகனுக்குப் பதின்மூன்று வயது, தவணைப் பரீட்சையில் நல்லாகச் செய்ததற்கு விளையாட்டில் ஏதோ 390 ரூபாச் சாமான் கேட்டான், சரி என்று கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி வலு மரியாதை. கதிரை இழுத்துப் போட்டார், பிளேன்ரீ வந்தது. "அண்ணை, ஒவ்வொரு முறையும் இஞ்ச வந்து அலையாதேங்கோ, உங்கட காட்டை ஒருக்கா இதில போட்டு விட்டாக் காணும். சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுத்தானே, பயப்பிட ஒண்டுமில்லை" என்றார். தன்னுடைய மருமகனின் போனிலும் இப்படித்தான் என்று திறந்தே காட்டினார். அதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? ஓடிபி வந்தது, சொன்னேன். காட் அதிலேயே பதிந்துவிட்டது என்றோ, இனி வாங்கும்போது ஓடிபி கேட்காது என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு மகன் விளையாட்டுக்குள்ளே வாங்கத் தொடங்கியது பெட்டிகள். காசு கட்டித் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். சக்கரம் சுழலும், அவன் ஆசைப்பட்ட துவக்குக்குக் கிட்ட வந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கும், உடனே அடுத்த பெட்டி. அந்தத் துவக்கு கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் கிடந்தது. நூறு பெட்டி திறந்தால் கட்டாயம் கிடைக்கும் என்று அவன் நம்பியிருக்கிறான். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற மூத்தவள் கணக்குப் போட்டுக் காட்டினாள்: நூறு திறந்தாலும் ஒன்றும் கிடைக்காமல் போக நூற்றுக்கு 37 அளவில் வாய்ப்பு இருக்கிறது.

விளையாட்டுக் கம்பனிக்கு எழுதினால் இயந்திரம் பதில் போடுகிறது, வாங்கிய சாமான் கொடுக்கப்பட்டுவிட்டது, காசு திரும்ப வராது என்று. பதிலுக்கு நான் என்ன எழுதினாலும் அதே பதில்தான். வங்கியில் "காட் உங்கட, ஓடிபியும் நீங்கள் குடுத்தது" என்று படிவம் ஒன்றை நீட்டினார்கள். பொலிசில் பிள்ளையைக் கண்டித்து வளர்க்கச் சொன்னார்கள். போன் கடைக்குத் திரும்பப் போனேன், கதிரையும் இல்லை, பிளேன்ரீயும் இல்லை. "நான் என்னண்ணை செய்யிறது, வேணுமெண்டா மகன்ர விளையாட்டு ஐடியைச் சாமானோட 6,000க்கு எடுக்கிறன், கேக்கிற ஆக்கள் இருக்கு."

கவனியுங்கள். வெல்லுகிற சாமானை விளையாட்டுக்குள்ளே காசாக மாற்ற முடியாது, ஆகவே இது சூது இல்லை என்பதுதான் இந்தக் கம்பனிகளின் வாதம். பிரித்தானிய அரசாங்கமும் 2022இல் சூதாட்டச் சட்டத்தை இதற்கு நீட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. காசாக மாற்ற முடியாதாம், ஆனால் எங்கட டவுனில் போன் கடைக்காரர் அந்த ஐடிக்கு மேசையில் வைத்தே விலை பேசுகிறார்! பெல்ஜியத்தில் 2018இலேயே காசு கட்டித் திறக்கிற பெட்டி சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்னார்கள், சில கம்பனிகள் அங்கே விற்பதை நிறுத்தின, முழுக்க ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அவுஸ்திரேலியாவில் 2024 செப்டெம்பரிலிருந்து வெளியாகும் விளையாட்டுகளில் இப்படிப் பெட்டி இருந்தால் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உகந்ததல்ல என்று தரம் போடுகிறார்கள். இங்கே கிணற்றடியில் நாலு பேர் காசு வைத்துக் கடதாசி விளையாடினால் பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதிகாரசபை அமைக்கச் சட்டமும் நிறைவேற்றினார்கள். அவர்கள் கொழும்புக் கசினோக்களோடு நிற்காமல் இந்தப் பெட்டிகளையும் பார்க்கவேண்டும். விளையாட்டுக்குக் காசு கொடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை, 390க்கு இன்ன சாமான் என்று சொல்லி விற்றால் வாங்கலாம். என்ன வரும் என்று சொல்லாமல் பதின்மூன்று வயதுப் பெடியனுக்கு விற்பது சூது, வேறொன்றுமில்லை.

விபரமாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. போனில் காட் பதிந்திருந்தால் இன்றைக்கே அழியுங்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். வங்கி மெசேஜ் பிள்ளை வைத்திருக்கிற நம்பருக்குப் போகிறதா என்று பாருங்கள், எங்களுக்கு அங்கேதான் போயிருக்கிறது. காசு போனது தெரிந்தால் உடனே, அன்றைக்கே கம்பனிக்கும் வங்கிக்கும் எழுதுங்கள், பிந்தினால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். 61,400 ரூபாவுக்கான படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், வங்கியிலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை.