மலைப்பள்ளி வகுப்புக்கு எது தோது: இணையக் கருவியா, வீடியோ அழைப்பா?

கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பள்ளிகளில் இப்போது ப்ரொஜெக்டரோ ஸ்மார்ட் போர்டோ பார்க்க முடிகிறது. அதில் எதை ஓட்டுவது என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் இரண்டு கட்சி. அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட், கணித உருவங்களை வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா மாதிரி பிள்ளைகளே கை வைத்துப் பார்க்கும் கருவிகள் என்பது ஒரு கட்சி. ஜூம், கூகுள் மீட்டில் வெளியூர் ஆளை வகுப்புக்குள் கொண்டுவருவது இன்னொன்று. என் ஓட்டு பெரும்பாலும் முதல் கட்சிக்குத்தான்.

மலையில் முதலில் பார்க்க வேண்டியது சிக்னல். ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூரில் கொட்டித் தீர்க்கும். ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரியின் முறை. மரம் விழும், கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்களை (திரையில் நடக்கும் மாதிரிச் சோதனைகளை) ஒருமுறை இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலே லேப்டாப்பில் ஓடும். ஜியோஜீப்ராவும் அப்படியே. வீடியோ அழைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

மின்சுற்றுப் பாடத்துக்கு ஃபெட்டைப் போட்டுப் பாருங்கள். மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். எட்டாம் வகுப்புப் பையன் வேண்டுமென்றே நாலு தடவை பற்ற வைப்பான். விட்டுவிடுங்கள், குறுக்குச்சுற்றுக்கு அப்புறம் தனி விளக்கமே வேண்டாம்.

வீடியோ அழைப்பில் ஒரே லேப்டாப், எதிரே முப்பது நாற்பது பேர். மைக் பிடிப்பது முதல் பெஞ்ச் குரலை மட்டும்; தகரக் கூரையில் மழை விழுந்தால் அதுவும் போச்சு. அந்தப் பக்கம் இருப்பவர் “புரியுதா?” என்பார், இந்தப் பக்கம் “புரியுது சார்” என்று கோரஸ். கடைசி பெஞ்ச் ஜன்னலில் குரங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெறுமனே பாடம் நடத்தத்தான் அழைப்பு என்றால் கல்வித் தொலைக்காட்சியின் பதிவுசெய்த பாடமே மேல். நிறுத்தலாம், திருப்பிப் போடலாம்.

ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அந்தப் பக்கம் இருந்தால் வீடியோ அழைப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தூத்துக்குடிப் பள்ளி ஒன்றோடு பேசிவைத்து, இரு பக்கமும் ஒரே நேரத்தில் தண்ணீரை அடுப்பில் ஏற்றி, தெர்மாமீட்டரைக் கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். அங்கே 100ஐ ஒட்டிப் போகும், இங்கே ஏழெட்டு டிகிரி முன்னாலேயே நின்றுவிடும். “உங்க தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு” என்று அங்கிருந்து ஒரு குரல் வரும், இங்கிருந்து பதில் பறக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் என்று பிள்ளைகளே கேட்டுக்கொள்வார்கள். சிமுலேஷனில் அதே எண்ணைக் காட்டலாம், இந்தச் சண்டையைக் காட்ட முடியாது. இலவச ஜூமின் 40 நிமிடமே இதற்குத் தாராளம்.

ஊட்டி பக்கத்து முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சமவெளிப் பிள்ளைகளுக்கு வீடியோவில் காட்டலாம். நம் பிள்ளைகளுக்கு எதற்கு? பஸ் இருக்கிறது. 530 மீட்டர் நீளத்தை ஏன் 11 டிகிரி சரிவில் கிடத்தினார்கள், அந்த ஊரின் அட்சரேகையும் ஏன் அதே 11 என்பதை மட்டும் ஜியோஜீப்ராவில் வரைந்து காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள்.

கருவிகளிலும் எல்லாமே இங்கே எடுபடாது. வினாடி வினாவுக்குப் பேர்போன ககூட் ஆளுக்கொரு போன் கேட்கும். எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதே வேலைக்கு ப்ளிக்கர்ஸ் என்ற கருவியில் பிள்ளைகள் கையில் கறுப்புக் கட்டங்கள் அச்சடித்த அட்டை மட்டும்தான். தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி ஒவ்வொருவரும் பிடித்துக்கொள்ள, டீச்சர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் எதைச் சொன்னார் என்று வந்துவிடும். அட்டைக்கு அட்டை கட்டங்கள் மாறும், அதனால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தும் பயனில்லை.