எச்சமா, குடலா: கோழிக்குப் புழு இருப்பதை எதில் பார்ப்பது?

கோழி இளைத்தது, கொண்டை வெளுத்தது, முட்டை குறைந்தது. உடனே "புழுதான்" என்று மருந்தைக் கலக்கி வைத்தவன்தான் நானும். இப்போது எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் மருந்துப் பாட்டிலைத் தொடுவதில்லை.

இன்னொரு வழி, செத்த கோழியின் குடலைக் கிழித்துப் பார்ப்பது. கத்திரிக்கோல் போதும், விரல் நீள உருண்டைப்புழு யார் கண்ணுக்கும் தப்பாது. ஆனால் அதற்கு ஒரு கோழி செத்தாக வேண்டும். மயிரிழைப்புழுவோ குடல் சளிக்குள் ஒளிந்துகொள்ளும். எச்சத்தில் அதன் முட்டை இரண்டு முனையிலும் மூடி போட்ட எலுமிச்சை வடிவில் காட்டிக்கொடுத்துவிடும்.

எச்சப் பரிசோதனை பெரிய வித்தை இல்லை. கோழிகள் அடையும் கட்டைக்குக் கீழே இரவில் காகிதம் விரித்துவிட்டு, விடிந்ததும் பத்துப் பதினைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். அதை இனி கரையாது என்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணீரில் கலக்கி வடிகட்டி, சிறு குப்பியில் தளும்ப ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தால் 15, 20 நிமிடத்தில் புழு முட்டைகள் மிதந்து வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் முழுக்கக் காற்றுக் குமிழிகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். குமிழிக்குக் கறுப்பாகத் தடித்த விளிம்பு, உள்ளே ஒன்றுமே இருக்காது.

நான் எச்சத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் பார்க்கலாம். மருந்துக்கு முன்னால் ஒரு தடவை, கொடுத்த 10 முதல் 14 நாளில் இன்னொரு தடவை. மெக்மாஸ்டர் எண்ணும் கண்ணாடி இருந்தால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்றே கணக்கு வந்துவிடும். முதல் முறை எனக்கு எண்ணிக்கை இறங்கவே இல்லை. மருந்தையே சந்தேகப்பட்டேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தால் அடியில் வெள்ளையாக வண்டல்! பாதி மருந்து கோழிக்குள்ளேயே போகவில்லை. அடுத்த முறை ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் ஊற்றினேன், எண்ணிக்கை சடசடவென்று இறங்கியது. செத்த கோழி இதையெல்லாம் சொல்லாது. இன்றைக்குச் செத்ததும் இரண்டு வாரம் கழித்துச் சாவதும் ஒரே கோழி இல்லையே.

சரி, எச்சம் ஏமாற்றும் இடங்களும் உண்டு. உருண்டைப்புழு வளர்ந்து முட்டையிட 5 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை குடலில் புழு நெளிந்தாலும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நாடாப்புழு அரிசி போன்ற துண்டுகளாகத்தான் வெளியேறும், முட்டை மிதந்து வருவது அபூர்வம். உருண்டைப்புழு முட்டையையும், சீக்கம் என்கிற குடல் கடைசியில் உள்ள இரண்டு பைகளில் வாழும் சீக்கப்புழுவின் முட்டையையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியமில்லை, இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும்.

இரத்தக் கழிச்சல் என்றால் மட்டும் நானும் கத்திரிக்கோலைத்தான் எடுப்பேன். இது புழுவால் வருவதில்லை, ஐமேரியா என்ற நுண்கிருமியால் வருவது. எச்சத்தில் அந்தக் கிருமி தெரிவதற்கு முன்பே குஞ்சு செத்துவிடக்கூடும். நன்றாகத் திரியும் கோழியிலும் நாலைந்து கிருமி தெரியும். கிழித்துப் பார்த்தால் சீக்கம் இரண்டும் இரத்தத்தால் உப்பிக் கிடக்கும், அது டெனெல்லா என்ற வகைக் கிருமி. முன்குடலில் ஏணிப்படி போல வெள்ளைக் கோடுகள் என்றால் அசெர்வுலினா என்ற வகை. நடுக்குடல் புண்களை நான் அதிகம் பார்த்ததில்லை, அதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவேன். எதுவானாலும் செத்த சில மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். ராத்திரி செத்ததைக் காலையில் திறந்தால், அழுகலால் வந்த நிறம் எது, நோயால் வந்த நிறம் எது என்று தெரியாது.