டப்பாவின் முகப்பில் இருந்த 24 கிராம்

உடற்பயிற்சிக்குப் பிறகு குடிப்பதற்கென்று பயிற்சியாளரே கையில் கொடுக்கும் பானப் பொடியை நம்பி வாங்க இருப்பவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படி ஒரு பொடியை நான் மூன்று மாதங்கள் குடித்தேன். புரதம் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது பெரும்பாலும் சர்க்கரையும் மாவுச்சத்தும்தான்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். இரண்டாவது வாரமே பயிற்சியாளர் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து, பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் இதைக் குடிக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண் என்றும், படுக்கும் முன் இன்னொரு முறை குடித்தால் பலன் இரட்டிப்பாகும் என்றும் சொன்னார். நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவுதான் முக்கியம், அரை மணி நேரக் கெடு அவ்வளவு கறாரானதல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது. ‘ஒரு வேளைக்கு 24 கிராம் புரதம்’ என்று முகப்பில் கொட்டை எழுத்தில் இருந்ததை மட்டும் பார்த்து வாங்கினேன்.

மூன்று மாத முடிவில் நான்கு கிலோ கூடியிருந்தேன். அது தசை என்றார் பயிற்சியாளர். இடுப்பு வாரை இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியிருந்ததால் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

டப்பாவின் பின்பக்கத்தில் விற்பனையாளர் பெயருடன் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. ஈரத் துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு வைத்து, நகத்தால் ஓரத்தை நெம்பி உரித்தபோது அடியில் ஊட்டச்சத்து அட்டவணை முழுவதுமாக இருந்தது. ஒரு வேளை அளவு 75 கிராம். அதில் புரதம் 16 கிராம், மாவுச்சத்து 54 கிராம், அந்த மாவுச்சத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை மட்டும் 22 கிராம். முகப்பில் போட்டிருந்த 24 எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் அந்த எண்ணின் ஓரத்தில் கடுகளவு நட்சத்திரக் குறி ஒன்று கண்ணில் பட்டது: ‘250 மில்லி பாலில் கலக்கும்போது’. மீதி 8 கிராம் புரதம், நான் என் பணத்தில் வாங்கி ஊற்றிய பாலில் இருந்தது!

நாளைக்கு இரண்டு முறை குடித்ததால், பாலைச் சேர்க்காமலே ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. சர்க்கரை 44 கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு இத்தகைய சர்க்கரை ஒரு நாளில் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி வரும் கணக்கு. இத்தோடும் முடியவில்லை. பொருள் பட்டியலில் முதலில் வருவதுதான் அதிக அளவில் இருப்பது. இங்கே முதலில் இருந்தது, மாவுச்சத்தை உடைத்துத் தயாரிக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடி. அது சர்க்கரைக் கணக்கில் பெரும்பாலும் வராது, ஆனால் உடலில் விரைவாகக் குளுக்கோஸாகி இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். நீரிழிவு உள்ள ஒருவரிடம் இதை ஆரோக்கிய பானம் என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது.

அந்த 16 கிராமையும் இப்போது நான் முழுதாக நம்பவில்லை, ஏனென்றால் பட்டியலில் கிளைசின், டாரின் என்ற தனி அமினோ அமிலங்களும் இருந்தன; இவற்றிலும் நைட்ரஜன் உண்டு. 1883-இல் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் உருவாக்கிய சோதனை முறை, பொடியில் உள்ள நைட்ரஜனை அளந்து, வழக்கமாக அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று கணக்கிடுகிறது. அந்த நைட்ரஜன் முழுமையான புரதத்திலிருந்து வந்ததா, மலிவான தனி அமினோ அமிலத்திலிருந்து வந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. என் டப்பாவில் அப்படித்தான் நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் புரதப் பொடி என்று விற்பதில் இவற்றைத் தனியாகச் சேர்த்திருந்தால் விளக்கம் கேட்பது நம் உரிமை.

கூடவே விற்ற ‘சர்க்கரை இல்லாத’ புரோட்டீன் பார்களால் வயிறு உப்பி, இருமுறை பேதியே ஆனது. அவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்த்திருந்த மால்ட்டிட்டால் என்ற இனிப்புப் பொருள் அதிகமானால் அப்படிச் செய்யக்கூடியது.

திறந்த டப்பாவைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் கொடுத்த புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. இப்போது பயிற்சி முடிந்ததும் ஒரு குவளைப் பாலும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு டப்பா இருந்தால், பின்பக்க ஒட்டுத்தாளை இன்றே உரித்துப் பாருங்கள்.