மின் பால் பம்ப்: நாகர்கோவில் வீட்டிலும் திருவனந்தபுரம் அலுவலகத்திலும்

பேட்டரியில் இயங்கும் ஒற்றைப் பக்க மின் பால் பம்ப் ஒன்றை நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடையில் 3,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கி, குழந்தை பிறந்த முதல் வாரங்களிலும், பேறுகால விடுப்பு முடிந்து திருவனந்தபுரத்தில் வேலைக்குத் திரும்பிய பின்னரும் பயன்படுத்தினேன். வேலைக்குப் போகும் தாய்க்கு இது கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள். பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருப்பவளுக்கோ, குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்கிறது என்றால், வேலையையும் கவலையையும் மட்டுமே கூட்டுகிற பொருள்.

பெட்டிக்குள் மோட்டார், மெல்லிய குழாய், 24 மில்லிமீட்டர் புனல், ரப்பர் சவ்வு, பறவையின் அலகு வடிவிலான வெள்ளை வால்வு, ஒரு புட்டி, அதற்கு ஒரு நிப்பிள் ஆகியவை இருந்தன. பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. பம்ப் வாங்குபவரின் வீட்டுக்கோ அந்தப் புட்டி கேட்காமலே வந்து சேர்ந்துவிடுகிறது.

என் மகள் நாள் நிறையும் முன்பே பிறந்ததால், தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தாள். பம்ப் வாங்கியதே அதற்காகத்தான். ஆனால் சீம்பாலுக்கு இந்தக் கருவி உதவவில்லை. கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும் அந்தப் பால் புனலிலும் சவ்விலுமே ஒட்டிக்கொண்டு, புட்டியின் அடியை எட்டவில்லை. செவிலியர் ஒருவர் கையால் பீச்சி எடுக்கும் முறையைக் காட்டித் தந்தார்: காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் பெருவிரலை மேலும் ஆட்காட்டி விரலைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்க வேண்டும், தோலை உரசி இழுக்கக் கூடாது. கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவு மஞ்சள் நிறப் பால் சேர்ந்ததும், அதைப் பாலாடை எனும் மூக்குள்ள சிறு கிண்ணத்தில் ஊற்றி மகளின் உதட்டோரமாகச் சிறுகச் சிறுகப் புகட்டினார்கள். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் பாலாடை, பம்போடு வந்த புட்டியைவிட எல்லா வகையிலும் மேலானது என்பது என் கருத்து. அதில் மூலை முடுக்கு இல்லை, எளிதாகக் கொதிக்க வைக்கலாம், நிப்பிளின் வேகமான ஓட்டத்துக்குக் குழந்தை பழகிவிடும் என்ற அச்சமும் இல்லை.

குழந்தை நேரடியாகக் குடிக்கத் தொடங்கிய பிறகு பம்பின் தேவை பெரும்பாலும் நீங்கியது. குழந்தை உறிஞ்சும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலைச் சுரக்கச் செய்கிறது, ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதை இறக்கிவிடுகிறது; மார்பு எவ்வளவு காலியாகிறதோ அதற்கேற்பவே அடுத்த சுரப்பும் அமைகிறது. பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை குடிக்கும். ஒவ்வொரு முறையும் பம்பில் எடுத்து, பிறகு புகட்டி, அதன் பின் உறுப்புகளையெல்லாம் கழற்றிக் கழுவி வைப்பது என்றால், தாய்க்குத் தூங்குவதற்கு நேரமே கிடைக்காது. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பால் படும் உறுப்புகளைத் தினமும் ஒரு முறையாவது 5 நிமிடம் கொதிக்க வைப்பது நல்லது. மோட்டாரும் குழாயும் அதில் சேரா. நேரடியாகப் பாலூட்டுவதில் இந்த வேலைகளில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு தொல்லை, புட்டியின் மேல் இருக்கும் அளவுக் கோடுகள். நேரடியாகக் குடிக்கும்போது எவ்வளவு குடித்தாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சிறுநீர் கழிப்பதும் எடை ஏறுவதுமே போதுமான சான்றாக இருந்தன. பம்பில் எடுத்த பாலைப் பார்த்தவுடன், பால்சுறாவும் பூண்டும் பார்த்துப் பார்த்துச் சமைத்துத் தந்த மாமியார், “இவ்வளவுதானா மக்களே?” என்று கவலைப்படத் தொடங்கினார். பம்பில் வரும் அளவு தாயின் சுரப்புக்கு அளவுகோல் ஆகாது. நன்றாகப் பற்றிக் குடிக்கத் தெரிந்த குழந்தை பம்பைவிடத் திறமையாகப் பாலை எடுத்துவிடும். மாறாக, அந்தக் கோட்டை எட்ட வேண்டும் என்று தேவைக்கு மேல் உறிஞ்சினால், உடல் அதையும் குழந்தையின் கணக்கில் சேர்த்துக்கொண்டு மேலும் சுரக்கும். அதன் விளைவு பால் கட்டி, மார்பு கல்லாகி வலிப்பதுதான். கட்டிய பாலை இளக்குவதற்கு, இறுக்கம் குறையும் அளவுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

விடுப்பு முடிந்ததும் இதே கருவி எனக்கு இன்றியமையாததாயிற்று. பேறுகால விடுப்பை 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 26 வாரமாக உயர்த்தியது. அதன் பிறகும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளுக்குச் சட்டத்தில் இடமுண்டு. குழந்தை நாகர்கோவிலிலும் நான் திருவனந்தபுரத்திலுமாக இருந்ததால், அந்த இடைவேளைகளில்தான் பால் எடுத்தேன். பேட்டரி இருப்பதன் அருமை அங்கேதான் புரிந்தது. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டுள்ளன. ஆனால் அத்தகைய அறைகளில் மின் இணைப்பு கிடைக்கும் என்று நம்பிச் செல்ல முடியாது. ஐஸ் கட்டிகள் வைத்த காப்புப் பையில் பால் 24 மணி நேரம் வரை தாங்கும் என்பதால், ரயில் வழியில் இரணியல் நிலையத்தில் கூடுதலாக நின்றாலும் நான் பதற வேண்டியிருக்கவில்லை.

பாலைப் பாதுகாப்பதில் நம் ஊர்த் தட்பவெப்பத்தை மறக்கக் கூடாது. எடுத்த பாலை 4 மணி நேரம் வெளியில் வைக்கலாம் என்ற விதி 25 டிகிரிக்கு உட்பட்ட அறைக்கு உரியது. குமரி மாவட்ட வீடுகளில் பகலில் வெப்பம் அந்த அளவைப் பெரும்பாலும் தாண்டிவிடுவதால், எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அங்கே 4 நாட்கள் வரை இருக்கும். வைக்க வேண்டிய இடம் உட்புறம், கதவுப் பக்கம் அல்ல. சில மணி நேரத்தில் கொழுப்பு மேலே திரண்டு, புட்டியின் சுவரில் இளமஞ்சள் வளையமாகப் படியும். பால் திரிந்துவிட்டது என்று அதைக் கொட்டிவிட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்து மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் சூடேறிக் குழந்தையின் வாய் வெந்துபோகலாம். குழந்தை வாய் வைத்து மீதி விட்ட பாலை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். மனம் ஒப்பாதுதான், என்றாலும் கொட்டத்தான் வேண்டும்.

கருவியின் குறைகளில் முதன்மையானது, பால் குழாய்க்குள் ஏறிவிடக்கூடிய திறந்த அமைப்பு. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்து ஈரக்காற்றில், குழாயின் உட்சுவரில் நீர்த்துளிகள் எளிதில் படிந்துவிடுகின்றன. பால் எடுத்து முடிந்ததும் குழாயை மட்டும் மாட்டி மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டால் அவை உலர்ந்துவிடும். பூஞ்சை பிடித்த குழாயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இதே காரணத்தால், திறந்த அமைப்புள்ள பழைய பம்பை உறவினரிடமிருந்து வாங்கிப் பயன்படுத்துவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய அமைப்புள்ளது சற்று விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

புனலின் அளவையும் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், காம்பின் குறுக்களவை அளந்த பிறகே வாங்க வேண்டும். காம்பு புனலின் சுவரில் உரசினாலும், கருவட்டம் பெருமளவு உள்ளே இழுபட்டாலும் அளவு பொருந்தவில்லை என்று கொள்ளலாம். இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்பதும் உண்மையல்ல. வலிக்காத அளவில், முதலில் வேகமான மென்மையான இழுப்பும், பால் இறங்கியதும் மெதுவான ஆழ்ந்த இழுப்புமாக வைப்பதே சரி.

பால் திடீரெனக் குறைந்ததாகத் தோன்றினால், உணவையோ உடம்பையோ குறை சொல்வதற்கு முன் அந்த வெள்ளை வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதன் நுனிப் பிளவு இம்மியளவு விரிந்திருந்தாலும் இழுவிசை குறைந்துபோய்விடும். மோட்டாரின் சத்தமோ வழக்கம்போலவே கேட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சிறு வால்வு எங்கள் பகுதிக் கடைகளில் தனியாகக் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. ஆகவே பம்ப் வாங்கும் நாளிலேயே இரண்டு உதிரி வால்வுகளையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.