ராக்கெட் விழும் கடலில் வளர்கிற பெண்: ‘முதல் அடுக்கு’ நாவல்

2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பூஸ்டர் (கிளம்பும்போது கூடுதலாகத் தள்ளிவிடும் பக்கவாட்டு உருளை) ஒன்று சிக்கியது, ஞாபகம் இருக்கிறதா? ‘முதல் அடுக்கு’ அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டு கழித்து வரப்போகிற காலத்துக்குப் போகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் தினம் ஒரு ராக்கெட் கிளம்புகிறது. ஏவுகிற நாளில் அந்தப் பக்கம் படகு போகக்கூடாது என்பது இப்போதே இருக்கிற கட்டுப்பாடுதான். தினமும் ஏவினால் தினமும் தடை. எண்ணூர்க் குப்பங்களில் மீன்பிடி தொழில் படுத்துவிடுகிறது. கடலில் விழுந்த ராக்கெட் பாகங்களைத் தேடி இழுத்துவந்து எடைக்குப் போடுவது புதுத் தொழிலாகிறது. 13 வயதில் அத்தையோடு படகேறும் ஒரு பெண், 17 வயது வரை நடந்ததைத் தன் வாயால் சொல்கிறாள். எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நான் திருவொற்றியூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுப்பவள். இந்தப் புத்தகத்தை என் மாணவி ஒருத்திதான் கொண்டுவந்து கொடுத்தாள். பதிப்பகம் எதுவும் கிடையாது, எழுதியவரே அச்சடித்து விற்கிறார். அட்டையில் அவர் பெயர்கூட இல்லை. வேலை பார்க்கிற இடத்தில் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் எண்ணூரில் வளர்ந்தவர் என்பது பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடத்தில் படகை எப்படிச் சாய்த்துக் கொண்டுபோவது என்பதெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற விஷயமா?

புத்தகத்தின் உயிர் முதல் பாதியில் இருக்கிறது. அத்தை அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். திட எரிபொருள் பூஸ்டர் என்றால் எரிந்து முடிந்த வெறும் கூடு, பயப்படாமல் கிட்டே போகலாம். துடுப்பால் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அதுவரை உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது, அதற்கு மேலேதான் கயிறு கட்ட வேண்டும். ராக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளில் திரவ எரிபொருள் அடுக்கின் துண்டு என்றால் கதையே வேறு. காற்று வருகிற பக்கமாக மட்டும்தான் நெருங்க வேண்டும். அந்த எரிபொருளின் வாடை அமோனியாவும் மீன் கவிச்சியும் கலந்த மாதிரி இருக்கும். மீன்படகில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது எப்படி உறைக்கும்? கருவாட்டு வாடை வந்தால் முதலில் படகில் கருவாடு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இன்ஜினைத் திருப்பு என்கிறாள் அத்தை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் எரிகிற ஹைட்ரசீன் வகை எரிபொருளின் வாடை உண்மையிலேயே அப்படித்தான், பொல்லாத விஷம். 2023 டிசம்பர் 26 இரவு கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, எண்ணூரின் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் கைக்குழந்தைகளோடு ஜனங்கள் தெருவில் ஓடினார்களே, அவர்களுக்கு இந்த அத்தியாயம் கற்பனையாகவே தோன்றாது.

கூடு ஏன் மிதக்கிறது என்பதை எழுதியவர் விளக்கவில்லை. அதை நான் வகுப்பில் கணக்காகப் போட்டேன். பி.எஸ்.எல்.வி.யின் பெரிய வகைப் பக்கவாட்டு பூஸ்டர் 1 மீட்டர் விட்டம், சுமார் 12 மீட்டர் நீளம். கன அளவு 9.4 கனமீட்டர். கடல்நீர் கனமீட்டருக்கு ஏறக்குறைய 1,025 கிலோ. ஆக, முழுதாக அமிழ்த்தினால் ஒன்பதரை டன்னுக்கு மேல் தூக்கும். 12 டன் எரிபொருளும் எரிந்துபோன கூட்டுக்கு அது தாராளம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை இவ்வளவு ஆசையாகப் பிள்ளைகள் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கம் குப்பத்தில் இல்லை. குப்பை பொறுக்குவது மீன்பிடியில் சேராது என்பதால்தான் இவர்களை விட்டிருக்கிறார்கள். அப்படி ஒருநாள் நடுக்கடலில் பாப்பா வயதுக்கு வருகிறாள். இனி படகில் ஏற்ற மாட்டார்கள் என்று அழுகிறாள். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ந்த லுங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். அரைப் பக்கம்தான். அழகாக எழுதியிருக்கிறார்.

பாப்பாவின் அப்பாவான நைனா பாத்திரமும் அருமை. காசிமேட்டில் யாருக்கும் வேண்டாத வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். வண்ணி, தெண்டி என்று நீரோட்டத்தைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர். கம்பெனிக்காரர்களின் கணினி ஒரு இடத்தைக் காட்ட, கூடு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று இவர் வேறு இடத்தைச் சொல்கிறார். சொல்ல வைக்க மகள் படும் பாடுதான் கதையின் நடுப்பகுதி.

சரி, குறைகள். எண்ணூர்க் கரையில் நிற்பவர்களுக்கு ராக்கெட்டின் நெருப்பும் சத்தமும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. ஏவுதளம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. சத்தம் வந்து சேர இரண்டரை நிமிடமாவது ஆகும். இவ்வளவு கவனமாக எழுதியவர் இதை விட்டிருக்கக் கூடாது. ர, ற குழப்பம் பக்கத்துக்குப் பக்கம். என் பிரதியில் நடுவில் பசை விட்டுப்போய்த் தாள்கள் கையோடு வந்துவிட்டன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கடைசி அறுபது பக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு அதிகாரி வந்து இரத்தப் பரிசோதனை செய்கிறார். அவள் உடம்பு விண்வெளிக்குத் தோதானது என்று தெரிகிறது, அழைத்துப் போய்விடுகிறார்கள். அப்படியானால் தட்டிப் பார்த்துக் கற்ற காது, வாடை பிடித்த மூக்கு, நைனாவிடம் கெஞ்சிக் கற்ற நீரோட்டம், இதற்கெல்லாம் என்ன மதிப்பு? அவள் தானாகச் சம்பாதித்த அறிவு அத்தனையும் ஒரு சொட்டு இரத்தத்துக்கு முன்னால் தோற்றுப்போகிறது. யாராவது வந்து தன்னைப் பொறுக்கி எடுப்பார்கள் என்று காத்திருக்கும் பெண்பிள்ளைகளை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். அவர்கள் கையில் இப்படி ஒரு முடிவைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கூடு எங்கே ஒதுங்கும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொல்லி, அந்தத் திறமைக்காக அவளை அழைத்திருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

ஆனாலும் வாங்குங்கள். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம். அதற்கும் சின்னவர்கள் என்றால் விஷவாடை அத்தியாயத்தைப் பெரியவர்கள் கூட இருந்து படிப்பது நல்லது. எங்கள் பள்ளி நூலகத்துக்கு இரண்டு பிரதி வாங்கி, பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். எழுதியவர் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்புக்கு முன் பிழைதிருத்த ஆள் தேவைப்பட்டால் நான் காசு வாங்காமல் பார்த்துத் தருகிறேன். கடைசிப் பகுதியைப் பற்றியும் அப்போது பேசலாம்.