நிலக்கரியா, ஈரத் தாதுவா: சரக்குக் கப்பலுக்கு எது பெரிய ஆபத்து?

நிலக்கரியின் குணம் மாலுமிகளுக்குத் தெரியும். தானாகச் சூடேறும், மீத்தேன் கசியும், மூடிய சரக்கறையில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். சோதிக்காமல் உள்ளே இறங்கினால் உயிர் போகும். ஆனால் பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும்: கார்பன் மோனாக்சைடு ஏறுவதைக் கருவியில் பார்க்கலாம். 55 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான கரியை ஏற்றவே கூடாது.

ஈரமான நிக்கல் தாது அப்படியல்ல. ஏற்றும்போது வெறும் மண்போல இருக்கும். கடலில் அலை ஆட்ட ஆட்டத் துகள்கள் நெருங்கி, இடையில் சிக்கிய நீரின் அழுத்தம் ஏறி, முழுக் குவியலும் குழம்பாகி ஒரு பக்கம் சரியும். சாய்ந்த கப்பல் நிமிராது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டில் நீர் பிரிந்து மேலே சேறாகத் தேங்கும், முடிவு அதேதான். 2015 ஜனவரி 2 அன்று வியட்நாம் அருகே மூழ்கிய ‘பல்க் ஜூபிட்டர்’ 46,400 டன் பாக்சைட் ஏற்றியிருந்தது. 19 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அந்தச் சரக்கு, திரவமாகாத வகை என்றே அறிவிக்கப்பட்டிருந்தது!

என்னைக் கேட்டால், ஈரத் தாதுதான் கொடியது. சரக்கைக் கொஞ்சம் தகர டப்பாவில் போட்டுத் தட்டும் சோதனையில் ஈரம் தெரிந்தால் ஏற்றாதீர்கள், தெரியாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். சரக்கின் ஈர அளவுச் சான்றிதழ் வாங்கியபின் மழை பெய்திருந்தால், மறுபடி ஆய்வகச் சோதனை கேளுங்கள்.