ஃபோல்ட்ஸ்கோப்: பிள்ளைக்கு வாங்கினாலும் நீங்களும் கண் வைத்துப் பாருங்கள்

பிறந்தநாள் பரிசாக வாங்கி, மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோருக்கு இதன் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட காகித நுண்ணோக்கி இது. ஈரத்தில் ஊறாத தாள், ஒரு சின்னக் கண்ணாடி மணி லென்ஸ், செல்போனில் ஒட்டக் காந்தம், அவ்வளவுதான். 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை தெரியும்.

மடிப்புக் கோடுகளை நகத்தால் நன்றாக அழுத்திய பிறகே சொருகுங்கள். தாள் உப்பியிருந்தால் ஃபோகஸ் நிற்காது. "ஒண்ணுமே தெரியலை" என்பவர்கள் முதலில் சிலைடை, அதாவது பொருளை வைக்கும் தகட்டைப் பார்க்கவும்: பொருள் இருக்கும் பக்கம் லென்ஸை நோக்கி இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இமை உரசும் அளவு நெருங்குங்கள். விளக்கு வெளிச்சத்தை நோக்கிப் பிடிக்கலாம், சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது. ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் வான வெளிச்சம் போதாது; செல்போன் டார்ச்சுக்கு முன்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பாருங்கள்.

சேலத்துக்காரர்கள் தொடங்க வேண்டியது குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில். வெட்டிய இடத்தை ஊசியால் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்சிலிப்பைச் சாய்வாக இறக்குங்கள். மாவுமணிகள் உருண்டையாக, சில மட்டும் ஒரு பக்கம் சீவினாற்போலத் தெரியும். காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடினைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால், நீலம் மணி மணியாக ஏறிக்கொண்டு போகும். அடுத்து, இதே கிழங்கு மாவில் செய்த ஜவ்வரிசியை ஊறவைத்து நசுக்கிப் பாருங்கள். மணிகள் பல உப்பி உடைந்து கிடக்கும். ஆலையில் ஈரமாவை உருட்டிச் சூட்டில் வறுத்ததன் தடம் அது. இத்தனை வருஷம் பாயசம் குடித்த ஊரில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்போம்?

ஏற்காட்டில் என்றால் காபிச் செடியின் இலையில் வரும் பூஞ்சை நோயான இலைத்துரு. இலையின் அடியில் இருக்கும் ஆரஞ்சுப் பொடியைச் செலோடேப்பில் ஒற்றி சிலைடில் ஒட்டினால் போதும். வித்துகள் ஆரஞ்சுச் சுளை வடிவில் இருக்கும். ஏரித் தண்ணீரை மேலாக மொண்டால் ஏமாற்றம்தான். பாசியைப் பிழிந்த நீரில்தான் உயிர்கள் நிறைய. அவற்றின் ஓட்டம் அதிகமாக இருந்தால் இரண்டு மூன்று பஞ்சு இழைகளைப் போட்டு வழியை மறிக்கலாம்.

முதல் சிலைடில் அநேகமாகக் காற்றுக்குமிழிதான் கண்ணில் படும்: கறுத்த தடித்த விளிம்பு, நடுவில் வெளிச்சம். பிள்ளை அதைப் பார்த்துக் கூவும்போது "அது வெறும் குமிழிடா" என்று பறிக்காதீர்கள். விளிம்பில் ஒளி வளைவதால் வரும் கறுப்பு அது, பார்க்கத் தகுந்ததே. பெரியவர்களிடம் பழகிப்போன குறை இதுதான். பெயர் தெரிந்ததும் கண்ணை எடுத்துவிடுகிறோம். பெயர் தெரியாத பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பழக்கம் திரும்ப வர ஒரு வழி உண்டு. நோட்டில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, கண்டதை ஐந்து நிமிஷம் பென்சிலால் வரையுங்கள். என்ன பெயர் என்று செல்போனில் தேடுவது அதற்குப் பிறகு. வரையத் தொடங்கினால்தான் எது அசைந்தது, எது ஓரத்தில் நிறம் மாறியது என்று கேள்வி எழும். முதல் முறை பிள்ளைக்கு. அது சொல்வதைத் திருத்தாமல் கேட்டுவிட்டு நீங்கள் பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஒளி ஊடுருவாத எதுவும் இதில் தெரியாது. கஞ்சமலைப் பாறைத் துண்டையோ முழுப் பூச்சியையோ வைத்தால் வெறும் கறுப்பு நிழல்தான், அதற்குப் பத்து மடங்கு கைலென்ஸ் வாங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஃபோகஸ் பிடிபடாது, பக்கத்தில் ஆள் வேண்டும். இரண்டு மூன்று கேமரா உள்ள செல்போனில் காந்தத்தைப் பிரதான கேமராவின் மேல் நேராக ஒட்டாவிட்டால் படம் இருட்டும்.

விளக்கோடு வரும் கிட்டையே வாங்குங்கள். கண்ணாடிச் சிலைடும் கவர்சிலிப்பும் ஆய்வக சாமான் கடையில் தனியாகக் கிடைக்கும். கவர்சிலிப் எளிதில் உடையும், கூடுதலாக ஒரு பெட்டி எடுத்து வையுங்கள்.